பி.யூ.பி. பில்லும் நான் சுமத்திய பழியும்

மாதாமாதம் வீட்டுக்கு வரும் மின்சார பில்லை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? உறையைக் கிழித்ததும் கண் நேராகக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தொகைக்குத்தானே போகிறது? சென்ற மாதத்தைவிடக் குறைந்திருந்தால் பில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். கூடியிருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் தலை உருளும். நானும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் படித்து வந்தேன். அதன் பலனாக 2022ஆம் ஆண்டில் ஒரு பெண்பிள்ளையின் மனத்தை நோகடித்தேன். அவளிடம் வாங்கக்கூடாத பணத்தையும் வாங்கினேன். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அறை வாடகைக்கு விட்டிருப்பவர்களும், கூட்டுக் குடும்பமாக இருப்பவர்களும் உங்களில் பலர் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே எங்களுக்குப் பில் என்ற ஒன்றே தெரியாது. அந்தி சாய்ந்ததும் எஞ்சின் கொட்டகையில் ‘தடதட’வென்று சத்தம் கேட்கும், லயத்தில் வீட்டுக்கு ஒரு விளக்கு எரியும். பத்து மணிக்கு ஒருமுறை கண் சிமிட்டும். அது எச்சரிக்கை. பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். தோட்டத்து வாசகர்களில் மூத்தவர்கள் இதைப் படிக்கும்போது சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 1976ல் கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த பிறகுதான் இரவு முழுக்கக் காற்றாடி சுழலும் வீட்டையும், அதற்காக மாதம் பிறந்தால் வரும் காகிதத்தையும் பார்த்தேன். அதற்கு எல்லாரும் ‘பி.யூ.பி. பில்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1963ல் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகம்தான் அப்போது மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றையும் கொடுத்து வந்தது. 1995ல் மின்சாரமும் எரிவாயுவும் பிரிந்து சிங்கப்பூர் பவர் என்ற நிறுவனத்துக்குப் போய்விட்டன; கழகம் இப்போது தண்ணீரைத்தான் கவனிக்கிறது. இருந்தாலும் என் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பி.யூ.பி. பில்தான்.

என் வீடு தேக்கா சந்தைக்குப் பின்னால், பஃப்பலோ சாலையில், அடுக்குமாடியில் நான்கறை வீடு. சாலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மெக்கன்ஸி சாலை வந்துவிடும். இந்த ஊருக்கு மின்சாரம் வந்த கதையே அங்கேதான் தொடங்கியது என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ! மின்சார டிராம் வண்டிகளை ஓட்டுவதற்காக அந்தச் சாலையில் ஒரு மின் நிலையம் கட்டினார்கள். அங்கிருந்து மின்சாரத்தை விலைக்கு வாங்கித்தான் நகராட்சி 1906ல் முதன்முதலாகத் தெருவிளக்கு ஏற்றியது. நகராட்சியின் சொந்த நிலையம் செயின்ட் ஜேம்ஸில் 1927ல்தான் வந்தது. அந்த வழியாகக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். போகட்டும், கதைக்கு வருகிறேன்.

2021ல் என் கணவர் காலமானார். மகன் புங்கோலில் தனிக்குடித்தனம். தனியாக இருக்க வேண்டாமே என்று 2022 தொடக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு விட்டேன். வந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், தாதியாக வேலை. என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் தம்பியின் படிப்புச் செலவு அவள் தலையில். வாடகை பேசும்போதே கரண்டு, தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான் என்று சொல்லியிருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: அறையில் இருக்கும் ஏர்கோனை இரவில் மட்டும் போடலாம், பகலில் கூடாது. அவளுக்கோ மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. காலை ஒன்பது மணிக்கு வந்து பசியாறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள்.

அந்த ஆகஸ்டு மாதத்துப் பில் வந்தது. 229 வெள்ளி! ஜூலை மாதம் நான் கைக்காசு கொஞ்சம்தான் கட்டியிருந்தேன். எனக்குப் பகீர் என்றது. அன்றைக்குத் துணி காயப்போட மூங்கில் கழியை வெளியே நீட்டியபோது அவள் அறை ஜன்னல் பக்கமாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ‘உம்’ என்று ஒரு சத்தமும் கேட்டது. பகல் பதினொரு மணி. பிள்ளை ஏர்கோனைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சும்மா முடிவு கட்டவில்லை; சாட்சியும் தேடினேன். மூன்றாம் மாடியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காள் இருக்கிறார். மூவறை வீடு, கணவனும் மனைவியும் மட்டும். அவருடைய பில்லை வாங்கிப் பார்த்தேன். 118 வெள்ளி. “இரண்டு பேருக்கு இவ்வளவுதாம்மா வரும். உன் வீட்டில் எங்கேயோ ஒழுகுது” என்றார். அது போதாதா?

அன்று மாலை அந்தப் பெண் எழுந்து தேநீர் கலக்கும்போது கேட்டேன். “பகலில் ஏர்கோன் போடுகிறாயா?” என்றேன். “இல்லை அம்மா, காற்றாடி மட்டும்தான்” என்றாள். நான் பில்லை எடுத்து மேசையில் வைத்தேன். “பின்னே இது எப்படி வந்தது?” அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இனி மாதம் 40 வெள்ளி கூடுதலாகத் தர வேண்டும் என்றேன். தலையாட்டினாள். முதல் தேதி வந்தபோது உறையில் வைத்து மேசையில் வைத்திருந்தாள்.

அதன் பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒருநாள் மதியம் அவள் அறைக் கதவு சற்றே திறந்திருந்தது. கட்டிலை விட்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. காற்றாடிகூடச் சுழலவில்லை. எனக்கு ஒரு கணம் என்னவோ செய்தது. ஆனால் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘இப்போதாவது புத்தி வந்ததே!’ அப்படி நினைத்தவள் நான்தான், வாசகர்களே.

அக்டோபர் 24ஆம் தேதி தீபாவளி. துபாயில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பாலைவனத்து ஊரில் இருப்பவன். பேச்சுவாக்கில் பில் கதையைச் சொல்லி, “நான் கண்டுபிடித்துவிட்டேன்” என்று பெருமையடித்துக்கொண்டேன். அவன் உடனே, “எத்தனை யூனிட், அக்கா?” என்று கேட்டான். “229 வெள்ளியடா” என்றேன். “வெள்ளியைக் கேட்கவில்லை, யூனிட்டைக் கேட்டேன். எத்தனை நாளைக்கு?” என்றான். எனக்குத் தெரியவில்லை. பில்லின் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

அவன் தன் அனுபவத்தைச் சொன்னான். துபாயில் ஆகஸ்டு மாதம் வெளியே 40 பாகைக்கு மேல் கொதிக்கும். இரவிலும் 30க்குக் கீழே இறங்குவது அரிது. வீட்டுக்குள் 24, 25 வேண்டுமானால் ஏர்கோன் இரவு பகலாக ஓட வேண்டும். அவனுக்கு அந்த மாதம் 1,450 யூனிட் ஆனதாம். ஜனவரியிலோ ஜன்னலைத் திறந்தாலே போதும், 420 யூனிட்தான். ஆகையால் அங்கே ஆகஸ்டு பில்லை ஜூலையோடு ஒப்பிடலாமே தவிர, ஜனவரியோடு ஒப்பிட்டால் அடிதடிதான். சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். பில்லின் மொத்தத் தொகையைப் பார்ப்பதும் வீண் வேலையாம். ஏனென்றால் அங்கே ஆண்டு வாடகையில் 5 விழுக்காட்டை வீட்டுக் கட்டணம் என்று பன்னிரண்டாகப் பிரித்து அதே பில்லில் வசூலிக்கிறார்கள். எரிபொருளுக்கு ஒரு மேல்கட்டணம் வேறு. யூனிட் விலையும் படிக்கட்டுப் போல: மாதத்தில் முதல் 2,000 யூனிட்டுக்கு 23 பில்ஸ், அடுத்த 2,000க்கு 28 பில்ஸ் என்று ஏறும்.

“நானும் உன்னைப் போல ஏமாந்தவன்தான்” என்று சிரித்தான். கூட வேலை செய்பவர் ஒருவருக்குக் கோடையில்கூட இவனுடைய பில்லில் கால்வாசிதான் வருமாம். அவரை மகா சிக்கனக்காரர் என்று எண்ணித் தன் மனைவியோடு சண்டை போட்டிருக்கிறான். பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். அவர் இருக்கும் கட்டடத்தில் ஒரு பொது நிலையத்திலிருந்து குழாய் வழியாகக் குளிர்ந்த நீர் வந்து எல்லா வீடுகளையும் குளிர்விக்கிறது. அதற்குத் தனி நிறுவனம், தனி பில்! மின்சார பில்லில் அது வருவதே இல்லை.

“உங்கள் ஊரில் தை மாதமும் ஆடி மாதமும் ஒன்றுதானே, அக்கா? வருஷக் கடைசி மழையில் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். யூனிட் கூடினால் வெயில்மேல் பழி போட முடியாது. வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று பார். அந்தப் பிள்ளைதான் என்று ஏன் நினைக்கிறாய்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

என் கணவர் எல்லாப் பில்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் மாதவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அதைக் கீழே இறக்கிப் பேத்தியின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு தவறு செய்தேன். எங்கள் ஊர்ப் பில்லில் குழாய் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் ஒரே அளவைதான், கிலோவாட் மணி. நான் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டு, மேலும் ஒருநாள் குழம்பிக் கிடந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆயிரம் வாட் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி. அதுவே ஒரு யூனிட். மின்சார வரியை மட்டும் பாருங்கள். எரிவாயு, தண்ணீர், குப்பை அகற்றும் கட்டணம் எல்லாம் அதே காகிதத்தில்தான் இருக்கும்; அவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்துக் கண்டுபிடித்தது ஜூலை மாத ரகசியம். அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பில்லில் வரவு வைக்கப்படுகிறது. ஆகவே ஜூலையில் நான் கட்டிய சொற்பத் தொகை, கழிவு போக மிச்சம். ஆகஸ்டில் கழிவு இல்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான். அதுமட்டுமல்ல. அப்போதெல்லாம் எங்கள் வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்து பார்ப்பார்கள். இடையில் வரும் மாதத்துக்கு முந்தைய பழக்கத்தை வைத்து ஒரு மதிப்பீடு. மதிப்பீடு என்று பில்லிலேயே குறித்தும் இருக்கும். ஜூலைக்கு 330 யூனிட் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆகஸ்டில் மீட்டரைப் பார்த்தபோது இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 810 வந்திருந்தது. ஆக, ஆகஸ்டு தலையில் 480! உண்மையில் ஆகஸ்டில் ஒன்றும் விசேஷமாக நடக்கவில்லை. இரண்டு மாதத்தையும் சேர்த்து 62 நாளால் வகுத்தேன். நாளுக்கு 13 யூனிட்.

டின்னிலிருந்து 2020ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டுப் பில்களை எடுத்தேன். கொரோனாக் காலம், நானும் என் கணவரும் வெளியே அதிகம் போகாமல் வீட்டோடு இருந்தோம். இரண்டு மாதத்துக்கு 620 யூனிட், நாளுக்கு 10. அப்போதும் இரண்டு பேர், இப்போதும் இரண்டு பேர். அந்தக் காலாண்டில் யூனிட் விலை 19.60 காசு, 7 விழுக்காடு பொருள் சேவை வரியோடு 20.97 காசு. 2022 ஜூலை முதல் செப்டம்பர் வரை 30.17 காசு, வரியோடு 32.28 காசு. இரண்டு மாத மின்சாரத்துக்கு அப்போது 130 வெள்ளி, இப்போது 261 வெள்ளி. கூடியது 131 வெள்ளி. இதில் பழைய 620 யூனிட்டையே புதிய விலைக்குக் கணக்குப் பார்த்தால் 200 வெள்ளி வருகிறது. அதாவது 70 வெள்ளி வெறும் விலையேற்றம். யார் எதை அணைத்திருந்தாலும் அது வந்தே தீரும். மிச்சம் 61 வெள்ளிதான் நாங்கள் கூடுதலாக எரித்தது.

விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்பீர்கள். சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் கிடைக்கிறது. அதைக் குழாய் வழியாகவும், 2013 முதல் கப்பலில் திரவமாகவும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்த பிறகு உலகச் சந்தையில் எரிவாயு விலை எங்கே போயிற்று என்பது உங்களுக்கே தெரியும். இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் மாற்றி அமைக்கப்படுகிறது. அந்தப் போரின் விலையில் ஒரு பங்கை நான் என் வீட்டு வாடகைப் பெண்ணிடம் வசூலித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாடி அக்காளின் பில்லையும் மறுபடி வாங்கி வந்தேன். அவர் வீட்டு மின்சாரம் 340 யூனிட்! மூவறை வீட்டில், இரண்டு பேருக்கு. என் வீட்டுச் சராசரி 405. பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள். வெள்ளியில் மட்டும் ஏன் அவ்வளவு குறைவு? 2018 நவம்பர் முதல் 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாக மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் தனியார் விற்பனையாளரிடம் வாங்கலாம். அக்காளின் மகன் 2021 தொடக்கத்தில் யூனிட் 18 காசு சொச்சத்துக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருக்கிறான். விலை ஏறியபோது அவருக்கு ஏறவில்லை. 2021 கடைசியில் விற்பனையாளர்கள் சிலர் தாக்குப்பிடிக்க முடியாமல் கடையைக் கட்டியபோது, அக்காளுடையவர் தப்பித்துக்கொண்டார். அதோடு சிறிய வீட்டுக்கு யூ-சேவ் கழிவும் கூடுதல். நான் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2016 முதல் அதில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500ஐத் தாண்டினால் வேறு அட்டவணைக்குப் போய்விடும் என்று அவர்கள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலேசியாவில் இருக்கும் வாசகர்களுக்கு 2014 முதல் 2025 நடுப்பகுதி வரை முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென் என்ற மலிவு விலை இருந்தது. 2025 ஜூலையில் அந்தப் படிக்கட்டு முறை மாறிவிட்டது. இப்போது சிக்கனமாகச் செலவழிப்போருக்குத் தள்ளுபடி தனியே வருகிறது. எங்கள் சிங்கப்பூரில் படிக்கட்டே கிடையாது. முதல் யூனிட்டும் கடைசி யூனிட்டும் ஒரே விலை. ஆகவே தஞ்சாவூர் ரூபாயையும் துபாய் திர்ஹாமையும் சிங்கப்பூர் வெள்ளியையும் வைத்துக்கொண்டு யார் சிக்கனம் என்று பேசுவது வெட்டிப் பேச்சு. நாளுக்கு எத்தனை யூனிட், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் பேச்சு ஓடும்.

சரி, அந்த நாளுக்கு மூன்று யூனிட் எங்கே போனது? அதுதானே வழக்கு?

நவம்பரில் அந்தப் பெண் இரண்டு வாரம் விடுமுறையில் ஊருக்குப் போனாள். அதற்கு முந்தைய வாரமே நான் மீட்டரைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் மாடியில் மீட்டர் வீட்டு வாசலுக்கு வெளியே ஓர் அலமாரிக்குள் இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் எண்ணைக் குறித்துக்கொள்வேன். அவள் இருந்த வாரம் சராசரி 13. பகலில் எட்டு மணி நேரம் ஏர்கோன் ஓடினால், அந்தப் பழைய மெஷினுக்கு ஐந்து ஆறு யூனிட் ஆகும் என்று தம்பி சொல்லியிருந்தான். அப்படியானால் அவள் போன பிறகு 7, 8 ஆகக் குறைய வேண்டும்.

12 என்று காட்டியது. மறுநாளும் 12. அதற்கு அடுத்த நாளும் 12.

அவள் போன நான்காம் நாள் துணி காயப்போடப் போனேன். அவள் அறை ஜன்னல் பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறை பூட்டிக் கிடக்கிறது, அவள் திருநெல்வேலியில் இருக்கிறாள், சொட்டு விழுகிறது! தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தேன். மேல்மாடி வீட்டு ஏர்கோன் குழாய். அந்த ‘உம்’ சத்தமும் அதுவேதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஏர்கோன் குளிர்விக்கும்போது அந்த ஈரத்தையும் பிழிந்து தண்ணீராக விடும். அது யார் வீட்டுத் தண்ணீர் என்று பார்க்க, நான் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அப்படியே கழியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். துண்டை விரித்துத் தரையில் கிடந்த அந்தப் பிள்ளையின் முகம்தான் கண்முன் வந்தது.

அன்றிரவு பதினொரு மணிக்கு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன். ஐஸ்பெட்டி ஒன்று மட்டும் ஓடட்டும் என்று விட்டேன். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் போயிருந்தது. ஏழு மணி நேரத்தில் ஒரு யூனிட் என்றால் 150 வாட் விடாமல் ஓடியிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட். நல்ல ஐஸ்பெட்டி அவ்வப்போது நின்று நின்று ஓட வேண்டும். ஒன்றரை யூனிட்டோடு முடிந்துவிடும். கதவிடுக்கில் ஓர் இரண்டு வெள்ளி நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் விட்ட கத்தி போல வந்துவிட்டது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை தளர்ந்து, உள்ளே இருந்த குளிர் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆக, இரண்டு யூனிட் பிடிபட்டது.

மூன்றாவது யூனிட்டைக் கண்டுபிடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் குளியலறையில் தொட்டி வைத்த பழைய ஹீட்டர். என் கணவர் குளித்துவிட்டு வந்ததும் அதன் விசையை ‘டக்’கென்று அணைப்பார். ஒருநாள்கூட மறந்ததில்லை. அவர் போன பிறகு அதை அணைப்பவர் யாரும் இல்லை. ஒன்றரை ஆண்டாக அது இரவு பகலாக யாருக்கும் வேண்டாத வெந்நீரைச் சூடு ஆறாமல் காத்துக்கொண்டிருந்தது. விசையில் இருந்த சிவப்பு விளக்கை நான் தினமும் பார்த்தேன், பார்க்கவில்லை.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு ஆன செலவு? நாளுக்கு ஒரு யூனிட். காற்றாடி 60 வாட், எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட். அவள் குளியலறையில் இருப்பது உடனடிச் சூடேற்றி, 3,000 வாட். பத்து நிமிடத்துக்கு அரை யூனிட். அந்தக் காலாண்டு விலைக்கே மாதம் பத்து வெள்ளிகூட ஆகவில்லை. நான் வாங்கியது 40. அதுவும் கரண்டு சேர்த்துத்தான் வாடகை என்று பேசிய பிறகு.

டிசம்பர் தொடக்கத்தில் அவள் திரும்பி வந்தாள். அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு பொட்டலம் அல்வாவை மேசையில் வைத்தாள். நான் மூன்று மாதப் பணம் 120 வெள்ளியை உறையில் போட்டு வைத்திருந்தேன். அதையும் கணக்கு எழுதிய நோட்டையும் அவள் முன்னால் வைத்து, “நான்தான் தப்புச் செய்துவிட்டேன், பிள்ளை. மேல்வீட்டுத் தண்ணீரைப் பார்த்து உன்னைச் சந்தேகப்பட்டேன்” என்றேன். அவள் நோட்டை மட்டும் எடுத்து வரிவரியாகப் படித்தாள். காற்றாடி, அரை யூனிட் என்ற இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, “ஜூரோங்கில் கூட வேலை செய்கிறவள் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, அம்மா. ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டேன். மாதக் கடைசியில் போகிறேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பணத்தை வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் எடுத்துக்கொண்டு, “இந்தப் பக்கத்தைக் கிழித்துத் தருகிறீர்களா?” என்று கேட்டாள். கிழித்துக் கொடுத்தேன்.

புது ஐஸ்பெட்டி வாங்கிவிட்டேன். 2008 முதல் இங்கே ஐஸ்பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் மின்சக்தி முத்திரை கட்டாயம். அதில் சரிக்குறி எத்தனை கூடுகிறதோ அத்தனைக்குச் செலவு குறைவு. 2024ல் அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு இதற்கென்றே 300 வெள்ளிப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். எனக்கு எப்போதும் அவசரம். அதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டேன். ஹீட்டர் விசையைக் குளித்ததும் அணைத்துவிடுகிறேன். இப்போது நாளுக்கு 9 யூனிட். பொருள் சேவை வரிதான் 2023ல் 8, 2024ல் 9 விழுக்காடு என்று ஏறிவிட்டது. அது என் கையில் இல்லை.

போன மாதம் தேக்கா சந்தையில் அவளைப் பார்த்தேன். கல்யாணமாகி, இடுப்பில் ஒரு குழந்தை. வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அம்மா!” என்று அவள்தான் முதலில் கூப்பிட்டாள். புது வீடு, புது மீட்டர், அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு ஆனது என்று கைத்தொலைபேசியிலேயே தெரிகிறது என்றாள். நாளுக்கு எத்தனை என்று கேட்டேன். “பதினொன்று. குழந்தைக்கு ராத்திரி ஏர்கோன் வேண்டியிருக்கிறது” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். “நன்றாகப் போடு” என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வீட்டுக்கு வா என்றும் சொன்னேன். வருகிறேன் என்றாள். இன்னும் வரவில்லை.